பெயர் பதியாத மீனுக்குப் பங்கு இல்லை

(சித்தூரில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், ரயில்வே எழுத்தராகப் பணியாற்றும் அமைப்பாளர் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சென்ற மாதம் இதே இடத்தில் குடும்ப அட்டையைப் பற்றியும் வாக்காளர் பட்டியலைப் பற்றியும் பேசினோம். இந்த மாதம் ஒரு மீனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று துண்டறிக்கையில் போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "ஏன் தம்பி, சங்கத்துக்கு வேறு வேலையே இல்லையா? குழாயில் தண்ணீர் வரவில்லை, நீ மீனைப் பற்றிப் பேசுகிறாயே" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தப் பேச்சு முடிவதற்குள் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லத் தவறினால் அடுத்த மாதச் சந்தாவை அவர் கட்ட வேண்டாம். என் பையிலிருந்து நானே கட்டிவிடுகிறேன். (சிரிப்பு)

நான் விஞ்ஞானி அல்ல. பத்தாவது படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்தவன். பார்சல் ஆபீசில் ரசீது எழுதுவது என் பிழைப்பு. ஆகவே எனக்குத் தெரிந்த வழியிலேயே தொடங்குகிறேன். பார்சல் ஆபீசில் ஒரு விதி உண்டு. மூட்டையில் என்ன இருக்கிறது என்று பெயர் எழுதாவிட்டால் ரசீது கிடையாது. ரசீது இல்லாத மூட்டை காணாமல் போனால் யாரும் பொறுப்பில்லை, நஷ்ட ஈடும் இல்லை. நான் சொல்லப் போகிற மீனுக்கும் இதுதான் நடந்தது. மூட்டை பெரிது, ஆனால் பெயர் இல்லை.

இந்த மீன் காவிரி மீன். காவிரியிலும் அதில் வந்து சேருகிற கபினி, மோயாறு, பவானி, பாம்பாறு போன்ற ஆறுகளிலும் தவிர உலகத்தில் வேறு எங்கும் இது கிடையாது. கெண்டை வகையைச் சேர்ந்தது. மகசீர் என்று பொதுவாகச் சொல்லுகிற கூட்டத்தில் ஒன்று. அந்தக் கூட்டத்தைத் தமிழில் பொம்மீன் என்றும், கன்னடத்தில் பிளிமீன் என்றும் சொல்லுவார்கள். அவற்றில் இந்த ஒரு வகைக்கு மட்டும் தலைக்குப் பின்னால் முதுகு கூன் போட்டது போல் உயர்ந்திருக்கும். துடுப்புகள் ஆரஞ்சு நிறம். 1946-ஆம் ஆண்டு மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடித்த ஒரு மீன் 120 ராத்தல், அதாவது 54 கிலோவுக்கு மேல் இருந்தது. இங்கே உட்கார்ந்திருக்கிற சில தோழர்களை விட அது கனம். (சிரிப்பு)

இப்படிப்பட்ட மீனுக்குப் பெயர் இல்லை என்றால் நம்ப முடிகிறதா? 1873-இல் சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த தாமஸ் என்ற வெள்ளைக்காரர் தூண்டில் போடுவதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். கூன் முதுகு மீனை வெளியுலகம் அப்போதே அறிந்துகொண்டது. அதற்குப் பிறகு துரைமார்கள் வந்தார்கள், மகாராஜாவின் விருந்தாளிகள் வந்தார்கள், சுதந்திரத்திற்குப் பிறகு சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள். பிடித்தார்கள், படம் எடுத்தார்கள், பாடம் பண்ணிச் சுவரில் மாட்டினார்கள். ஆனால் விஞ்ஞானப் பதிவேட்டில் இது இன்ன இனம் என்று எவரும் உறுதியாக எழுதி வைக்கவில்லை. இன்னொரு மீனுக்கு வைத்த பெயரைத் தவறாக இதற்கு ஒட்டிக்கொண்டு காலம் ஓடியது.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அழியும் நிலையில் உள்ள உயிர்களுக்கு உலக அளவில் ஒரு சிவப்புப் பட்டியல் இருக்கிறது. அதில் ஏறினால்தான் அரசாங்கம் திரும்பிப் பார்க்கும், ஆராய்ச்சிக்குப் பணம் வரும். அதில் ஏற வேண்டுமானால் பெயர் தீர்மானமாக வேண்டும். பெயரும் விலாசமும் சரியாக இல்லை என்று நம் தோழர்களின் மனுக்களைத் திருப்பி அனுப்புகிறார்களே, அதே கதைதான்.

2007-இல் கேரளத்து ஆராய்ச்சியாளர்கள், பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களைப் பார்த்து ஒரு புதிய இனத்தை விவரித்தார்கள். சென்னையில் இந்திய விலங்கியல் அளவீட்டுத் துறையில் பணிபுரிந்த மீன் ஆராய்ச்சியாளர் ரமாதேவி அவர்களின் பெயரை அதற்கு வைத்தார்கள்: டார் ரமாதேவி. பாம்பாறு மூணாறு மலையில் பிறந்து, சின்னாறு காட்டைக் கடந்து, அமராவதி அணைக்கு வருகிற ஆறு. அந்தச் சிறிய மீனும், காவிரியின் கூன் முதுகு மீனும் ஒன்றுதான் என்பது 2018 ஜூன் மாதம்தான் நிலைநாட்டப்பட்டது. இங்கிலாந்தின் போர்ன்மவுத் பல்கலைக்கழகம், கொச்சியில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் கூடி, உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு இதை முடித்தார்கள். அதே ஆண்டின் முடிவில் சிவப்புப் பட்டியலில் ஏறியது. எந்த வரிசையில் தெரியுமா? 'மிக ஆபத்தான நிலையில்' என்ற வரிசையில். அதற்கு அடுத்த படி, காட்டில் இல்லை என்பதுதான். 145 ஆண்டு காத்திருந்து பெயர் கிடைத்தது; கிடைத்தபோது சாகக் கிடக்கிறது.

தோழர்களே, இது எப்படி நடந்தது? இதைச் சொல்வதற்கு முன் என் குடும்பத்துக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

என் அப்பா தருமபுரி ஜில்லா, பென்னாகரம் பக்கத்திலிருந்து இந்தச் சித்தூர்ப் பக்கம் வந்து கல் குவாரியில் வேலை பார்த்தவர். பெரியப்பா ஊரிலேயே இருந்தார். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டினார். ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் போவோம். காட்பாடி வரை மீட்டர்கேஜ் ரயில், பிறகு ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி. எனக்குப் பதினொரு வயதாக இருந்த ஆண்டு, அப்பாவின் துணிப்பையை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். "கீழே போடாதே, இடிக்காதே" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பலகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தது குவாரியில் மிச்சப்பட்ட தோட்டா.

மறுநாள் விடியற்காலை ஆற்றுக்குப் போனோம். பெரியப்பா ஒரு தோட்டாவைப் பற்றவைத்து மடுவில் எறிந்தார். பூமி அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முழுக்க வெள்ளையாக மீன்கள் மிதந்தன. விரல் நீளக் குஞ்சுகளே ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றை யாரும் தொடவில்லை. நடுவில் ஒரு பெரிய மீன் மல்லாந்து வந்தது. என் உயரம் இருந்தது. முதுகு கூன். "பெரிய மீன்டா" என்றார் பெரியப்பா. அவருக்கு அதன் பெயர் அவ்வளவுதான். கரையில் இழுத்துப் போட்டபோது வயிற்றிலிருந்து முட்டை வழிந்தது. இரண்டாவது தோட்டா அவர் கையிலேயே வெடித்தது. வலது கையில் மூன்று விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் அடுப்பு வெடித்தது என்று சொல்லிச் சேர்த்தோம். அதற்குப் பிறகு அவர் துடுப்பை ஒன்றரைக் கையால்தான் பிடித்தார். அப்பா அதற்கப்புறம் குவாரியிலிருந்து ஒரு துரும்பைக்கூட எடுத்து வரவில்லை.

ஆடிப் பதினெட்டு என்றால் என்ன? மேற்கே மழை பெய்து காவிரி பெருகி வருகிற காலம். நாம் கரையில் சித்திரான்னம் வைத்துக் கும்பிடுகிற அந்தப் பருவத்தில்தான் இந்த மீன் வெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறி, கூழாங்கல் படுகையில் முட்டையிடப் போகிறது. அந்தப் பையை மடியில் வைத்துக் கொண்டு போனவன் நான். இன்று அதே ரயில்வேயில் உட்கார்ந்துகொண்டு, வெடிமருந்து கொண்டுபோனால் மூன்று ஆண்டு வரை சிறை என்று பயணிகளுக்குச் சொல்லுகிறேன். தோட்டா போட்டு மீன் பிடிப்பதும் நேற்று வந்த குற்றம் அல்ல. 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்டது. ஆகவே இந்த மீனை யாரோ அழித்தார்கள் என்று நான் பேச வரவில்லை. என் மடியில் கணக்கு இருக்கிறது.

தோட்டா ஒரு காரணம். இரண்டாவது காரணம் அணை. கிருஷ்ணராஜ சாகர், 1934-இல் மேட்டூர், 1950-களில் பவானிசாகரும் அமராவதியும், 1974-இல் கபினி. அணை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மேட்டூர் இல்லாவிட்டால் தஞ்சாவூரில் சோறு இல்லை. ஆனால் மேலே ஏறிப் போகிற மீனுக்கு அணை என்பது பூட்டிய கதவு. ஆறு துண்டு துண்டாகிவிட்டது. ஒவ்வொரு துண்டிலும் எஞ்சியவை தனித்தனியாக மாட்டிக்கொண்டன. மூன்றாவது காரணம் மணல். படுகையை வாரி லாரியில் ஏற்றினால் முட்டை வைக்க இடம் ஏது? நான்காவது, கோடையில் ஆறு வற்றிச் சாக்கடையும் ஆலைக் கழிவும் மட்டும் ஓடுவது.

ஐந்தாவது காரணம்தான் நம் கூட்டத்தில் கவனமாகப் பேச வேண்டியது. கிருஷ்ணா, கோதாவரிப் பக்கத்து ஆறுகளில் நீலத் துடுப்பு மகசீர் என்று வேறொரு மீன் உண்டு. 1970-களிலிருந்து மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவில், டாடா மின் நிறுவனத்தின் பண்ணையில் அதன் குஞ்சுகளைப் பொரிக்கவைத்துப் பல மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள். மகசீர் இனம் அழியக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். காவிரியிலும் விட்டார்கள். விட்ட மீன் பெருகியது. தூண்டில்காரர்கள் முகாம்களில் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த கணக்கைப் பிற்பாடு ஆராய்ந்தபோது, நீலத் துடுப்பு மீன் ஏறிக்கொண்டே போக, கூன் முதுகு மீன் இறங்கிக்கொண்டே வந்தது தெரிந்தது. இரையிலும் இடத்திலும் போட்டி என்று நிபுணர்கள் சந்தேகிக்கிறார்கள். எல்லாவற்றையும் மகசீர் என்ற ஒரே பெயரில் எழுதியதால், ஆற்றில் மகசீர் நிறைய இருக்கிறது என்றே எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். மொத்தக் கணக்கு ஏறியது. அதற்குள் ஒருவன் காணாமல் போனதை எவரும் பார்க்கவில்லை. மொத்தக் கணக்கை நம்பாதே என்று சங்கத்தில் நாம் அடிக்கடி சொல்லுவது இதற்காகத்தான்.

இதை நான் திருப்பதியில் ஒரு தோழரிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. "வெளியூர் மீன் வந்து உள்ளூர் மீனை அழித்துவிட்டது என்கிறீர்களே அண்ணே, நம்மையும் இந்த ஊரில் அப்படித்தானே சிலர் பேசுகிறார்கள்?" என்றார். நல்ல கேள்வி. பதிலைப் பகிரங்கமாகவே சொல்லுகிறேன். மனிதன் மீன் அல்ல. மனிதர்கள் எல்லோரும் ஒரே இனம். தெலுங்கனும் தமிழனும் கலந்து பெண் கொடுத்து, பெண் எடுத்து, ஒரே குவாரியில் ஒரே கூலிக்கு வேலை செய்கிறவர்கள். மேலும், நம்மில் பாதிப் பேர் எங்கிருந்தும் வரவே இல்லை. 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்துச் சித்தூர் ஜில்லா ஆனது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரத்தோடு போனது. 1960-இல் திருத்தணி அந்தப் பக்கம் போனது. ஆள் அசையவில்லை, எல்லைதான் அவன் வீட்டைத் தாண்டி நடந்தது. இன்னொன்று: அந்த நீலத் துடுப்பு மீனும் குற்றவாளி அல்ல. அது தானாக வரவில்லை, கொண்டுவந்து விடப்பட்டது. ஆற்றைக் கேட்காமல், ஏற்கெனவே யார் இருக்கிறார் என்று பார்க்காமல் விட்டது யார் என்பதுதான் கேள்வி.

அடுத்து, காவல்காரர்களின் கதை. இது தொழிலாளர் பிரச்சினை. கர்நாடகத்தில் சிவசமுத்திரத்துக்குக் கீழே காவிரி மலையிடுக்கில் ஓடுகிறது. அங்கே காலிபோர், பீமேஸ்வரி, தொட்டமக்காலி என்று தூண்டில் முகாம்கள் இருந்தன. மீனைப் பிடித்து, எடை பார்த்து, உயிரோடு திரும்ப விட வேண்டும். அங்கே வழிகாட்டியாகவும் காவலாகவும் இருந்தவர்கள் சுற்றியிருந்த கிராமத்தார். அவர்களில் சிலர் முன்பு என் பெரியப்பாவைப் போல் தோட்டா போட்டவர்கள். மாதச் சம்பளம் வந்ததும் தோட்டாவை விட்டார்கள்; மற்றவர்கள் போடாமலும் பார்த்துக்கொண்டார்கள். அந்த இடம் வனவிலங்குச் சரணாலயம். சரணாலயத்தில் தூண்டில் போடுவது வேட்டைக்குச் சமம் என்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி, 2012-இல் அது நிறுத்தப்பட்டது. சரணாலயம் துரைமார் விளையாடும் இடமல்ல என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மீனின் பேரால் பிழைத்த கிராமத்தானுக்கு மாற்று வேலை என்ன, ராத்திரியில் மடுவைக் காவல் காப்பது யார் என்று யாராவது ஆற்றங்கரையில் போய்க் கேட்டார்களா? சட்டம் ஒரு காகிதம். ஆற்றைக் காப்பது சம்பளம் வாங்குகிற ஒரு மனிதனின் இரண்டு கண்கள். அந்தக் கண்களுக்குக் கூலி கொடுக்காமல் பாதுகாப்பு என்று பேசுவது வெறும் பேச்சு.

சிவசமுத்திரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே 1902-இல் காவிரி நீரில் மின்சாரம் எடுத்து முதலில் அனுப்பியது எங்கே? குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கோலார் தங்கவயலுக்கு. அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் வட ஆர்க்காட்டுத் தமிழர்களும் சித்தூர்ப் பக்கத்தவர்களும் நிறையப் பேர். இந்தக் கூட்டத்திலேயே அவர்களுடைய பேரன்மார் இருக்கிறீர்கள். காவிரி நமக்குத் தூரத்து ஆறு என்று நினைக்காதீர்கள். உங்கள் தாத்தா பூமிக்கு அடியில் வேலை செய்த விளக்கு அந்த ஆற்றில் எரிந்த விளக்கு. 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் தீர்ந்தது, ஆளை மறந்தார்கள்.

இனி தண்ணீர்க் கணக்கு. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. மொத்தம் 740 டி.எம்.சி. என்று வைத்துப் பங்கு பிரித்தது. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அதைத் திருத்தியது. தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. இந்தப் புள்ளிகளுக்காகப் பஸ் எரிந்தது, பெங்களூரில் தமிழன் அடி வாங்கினான். நமக்குத் தெரியும். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வரி இருக்கிறது: சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி. 740-இல் 10. ஆறு ஆறாக இருப்பதற்காக ஒதுக்கிய பங்கு அவ்வளவுதான். அந்தப் பத்தும் எந்த மாதத்தில், எந்தப் படுகையில் ஓடினால் மீனுக்கு உதவும் என்று பேச நான்கு அரசாங்கமும் வக்கீல் வைக்கவில்லை.

இப்போது மேகதாதுவில் 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டக் கர்நாடகம் திட்டம் வைத்திருக்கிறது. நம் பத்திரிகைகள் எல்லாம் அதைத் தமிழ்நாட்டின் பங்கு என்ற ஒரு கண்ணால்தான் பார்க்கின்றன. அந்தப் பெங்களூரில் காவிரி குடிக்கிறவர்களில் லட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளிகளும் உண்டு. அவர்கள் தாகம் பொய்யல்ல. ஆனால் அணையில் மூழ்கப் போவது, கூன் முதுகு மீன் எஞ்சியிருக்கிற அதே மலையிடுக்கு. இரண்டு மாநிலமும் சண்டை போடுகிற அந்த இடத்தில் மூன்றாவது ஒருவர் குடியிருக்கிறார். அவருக்கு மாநிலம் இல்லை, வாக்கு இல்லை. பாண்டியன் கொடியில் இருக்கிற மீனைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். கொடியில் இருக்கிற மீன் பத்திரமாகத்தான் இருக்கிறது. (கைதட்டல்) தமிழ்நாட்டு அரசு 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் காவிரி தெற்குச் சரணாலயத்தை அறிவித்தது நல்ல காரியம். ராமநாதபுராவில் காவிரிப் படித்துறை மீன்களைக் கோயில் மீன்கள் என்று ஊராரே தொடாமல் காக்கிறார்கள். அதுவும் நல்ல காரியம். திருமலையில் புஷ்கரணியில் யாராவது தூண்டில் போடுவார்களா? ஊர் நினைத்தால் காக்க முடியும்.

பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை? சுவர்ணமுகியில் மணலை வாரியதால் ஊற்று கீழே போனது. நீவா கோடையில் சாக்கடையாகிறது. பாலாறு பாறையும் மணல் குழியுமாகக் கிடக்கிறது. இந்த ஆறுகளில் கூன் முதுகு மீன் இல்லை. ஆனால் கெண்டையும் கெளுத்தியும் விராலும் இருந்தன. கோடையிலும் மடுவில் தண்ணீர் நின்றது என்பதற்கு அவைதான் சாட்சி. முதலில் சாட்சி சாகிறது. பிறகு ஆறு சாகிறது. கடைசியில் குழாயடியில் குடத்தோடு நம் வீட்டுப் பெண்கள் நிற்கிறார்கள். ஐயா, நான் குழாயைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆகவே மூன்று காரியம் கேட்கிறேன். ஒன்று, குவாரித் தோழர்களுக்கு. மிச்சப்பட்ட தோட்டா ஒன்றுகூட வேலியைத் தாண்டக் கூடாது. முதலாளி கணக்குப் பார்க்காவிட்டால் நாம் பார்ப்போம். ஊருக்குப் போகிற பையில் அது இருந்தால், அந்தப் பை யார் மடியில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு, காவிரியைப் பற்றி நம் சங்கம் எந்தத் தீர்மானம் போட்டாலும், ஆற்றுக்கு ஒதுக்கிய தண்ணீரை மீன் ஏறுகிற மழை மாதங்களில் விட வேண்டும், ஆற்றங்கரைக் கிராமத்தாரையே நிரந்தரச் சம்பளத்தில் காவலாக வைக்க வேண்டும் என்ற இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும். மூன்று, நம் ஊர் ஆறுகளில் முன்பு என்னென்ன மீன் இருந்தது, எந்த மடுவில் இருந்தது என்று வயதானவர்களைக் கேட்டு, தெலுங்குப் பெயரும் தமிழ்ப் பெயரும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதுவோம். தெலுங்குத் தோழர்களையும் அழைப்போம். நோட்டு என் மேசையில் இருக்கிறது. முதல் பெயரைப் பெரியவர் வந்து சொல்லட்டும்.

பெயர் பதியாதவனுக்குப் பங்கு இல்லை என்பது இந்த நாட்டின் நடைமுறை. ஆகவே முதலில் பெயரைப் பதிவோம். பிறகு பங்கைக் கேட்போம்.